குறுகிய சிறையும் மறுவாழ்வும்: சென்னை மாகாணம் முதல் குத்தம்பாக்கம் வரை

சில வாரச் சிறைவாசம் யாரையும் திருத்துவதில்லை என்ற முடிவுக்கு நூறாண்டுக்கு முன்பே அரசுக் குழு ஒன்று வந்துவிட்டது. 1919-20இல் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த அக்குழுவின் தலைவர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை மாகாண நிர்வாகத்தில் பழகியவர். 28 நாளுக்குக் குறைந்த சிறைத்தண்டனையே கூடாது என்றது குழு. அந்தக் காலத்துக்குள் கைதி ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொள்ள முடியாது. வேலை போகவும், ஊரில் பெயர் கெடவும், பழுத்த குற்றவாளிகளின் சகவாசம் ஒட்டிக்கொள்ளவும் அது தாராளமாகப் போதும்.

சென்னை மாகாணம் 1937இல் நன்னடத்தைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடும் இந்த முறைக்கு மத்தியச் சட்டம் 1958இல்தான் வந்தது. சிறையிலிருந்து வருவோருக்கு விடுதலையான கைதிகள் உதவிச் சங்கம் சிறு உதவிகள் செய்தது. தேவைக்கு முன் அது சொற்பமே.

அதே 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கு தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. சட்டம் ஒரு புதிய குற்றவாளிக் கூட்டத்தையும் உண்டாக்கியது. ஊறல் போட்டுப் பிடிபட்டவர், அபராதம் கட்ட வழியின்றி உள்ளே போவார். வெளியே வந்தால் வேறு பிழைப்பு இராது, மறுபடியும் ஊறல்தான்.

பூந்தமல்லிக்கு மேற்கே, திருமழிசையை அடுத்துள்ள குத்தம்பாக்கத்திலும் கள்ளச்சாராயம் பலருக்குப் பிழைப்பாக இருந்தது. 1996இல் ஊராட்சித் தலைவரான வேதிப் பொறியாளர் இளங்கோ ரங்கசாமி, ஊருக்குள்ளேயே வேலையைப் பெருக்குவதில் கருத்தைச் செலுத்தினார். வெளி ஒப்பந்தக்காரரிடம் போகவேண்டிய கட்டுமானப் பணிகளை உள்ளூர் ஆட்களே செய்தார்கள். பக்கத்துக் கருங்கல் ஆலைகளின் கழிவுக் கல் வடிகாலாயிற்று; அழுத்திய மண்கற்களால் வீடுகள் எழுந்தன. கூலி ஊரைவிட்டுப் போகவில்லை. சோதனைச் சாவடியும் லத்தியும் தொடாத இடத்தை இந்த வழி தொட்டது எனலாம்.

மனம் திருந்திய சாராய வியாபாரிகளுக்கு மறுவாழ்வு நிதி வழங்கும் மாநிலத் திட்டமும் இதே எண்ணத்தில் அமைந்ததுதான். ஆட்சியர் வழியாகப் பல ஆண்டுகள் ஆளுக்கு 30,000 ரூபாய் தரப்பட்டது. ஒரு கறவை மாட்டுக்கோ பெட்டிக்கடைக்கோ அது காணும். குடும்பம் நிமிர அது போதாது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையை ஒரு தண்டனையாக்கியிருக்கிறது. முதன்முறையாக 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, அதைத் திருப்பித் தருபவருக்கு அது உண்டு. சாராயம் காய்ச்சுபவருக்கு இன்றும் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமே.