ரெண்டு வேலூர்: ஏ.டி.எச்.டி. இருக்கற அம்மாக்களின் கதை

எங்க ஊரு பரமத்தி வேலூர். சுத்துவட்டாரத்துல வெறும் வேலூர்னுதான் சொல்லுவோம். சென்னையில வேலைக்குச் சேர்ந்தப்போ எல்லாரும், "ஓ, சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கற ஊரா?"ன்னு கேட்டாங்க. அது பாலாத்து வேலூருங்க. எங்களுது காவிரிக்கரை, வெத்தலைக் கொடிக்கால், வாழைத்தார். இன்னைக்குக் கதையில ரெண்டு வேலூரும் வருது.

எங்க பெரியம்மா பொண்ணு, அக்காவுக்கு, முப்பது வயசுலதான் ஏ.டி.எச்.டி. இருக்குன்னு தெரிஞ்சுது. கவனத்தையும் அவசரத்தையும் கட்டுக்குள்ள வெச்சுக்கறதுல மூளைக்கு இருக்கற சிரமம் அது. அடுத்த வருஷம் கர்ப்பம். மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம்னு டாக்டரும் அக்காவும் பேசி முடிவெடுத்தாங்க. அப்புறம் எனக்குப் போன்: "மாத்திரை இல்லைன்னா வேற என்னடா இருக்கு?"

பதில் தேடினா, ஒரு வரலாறு கிடைச்சுது.

1902, லண்டன். ஜார்ஜ் ஸ்டில்ங்கற குழந்தை மருத்துவர் 43 குழந்தைகளைப் பத்தி உரை நிகழ்த்தினார். சிலருக்குப் புத்தி நல்லாவே இருந்துது, ஆனா கட்டுப்பாடு வரலை. 1937ல அமெரிக்காவுல சார்லஸ் பிராட்லி, பென்செட்ரின் மாத்திரை குடுத்ததும் குழந்தைங்க பாடத்துல ஒன்றிப்போறதைக் கவனிச்சார். 1968ல அமெரிக்க மனநலக் கையேட்டுல இது இடம்பிடிச்சப்போ, பேருலயே 'குழந்தைப் பருவம்' ஒட்டிக்கிச்சு. எல்லார் மனசுலயும் இருந்தது துறுதுறுன்னு ஓடற பையன். சத்தமில்லாம சாவியைத் தொலைச்சுட்டு நிக்கற பொண்ணு அந்தப் படத்துல இல்லை.

நடத்தைச் சிகிச்சையும் குழந்தைகள்கிட்டதான் ஆரம்பிச்சுது. பெற்றோருக்குப் பயிற்சி குடுத்தாங்க: அட்டவணை போடு, உடனே பாராட்டு, தினசரி வழக்கத்தை மாத்தாதே. வீட்டுல இதை நடத்தினது பெரும்பாலும் அம்மாதான். ஆனா ஏ.டி.எச்.டி. குடும்ப வழியா வரக்கூடிய விஷயம். அந்த அம்மாவுக்கே அது இருந்தா? எங்க தொழில் பாஷையில சொன்னா, பேக்கப் சர்வர்லயும் அதே பக்!

பெரியவங்க பக்கம் பார்வை திரும்ப ரொம்ப நாளாச்சு. 2010ல பாஸ்டன்ல ஸ்டீவன் சாஃப்ரன் குழு 86 பேரை வெச்சு ஒரு ஆய்வை வெளியிட்டுது. மருந்து எடுத்தும் சிரமம் மிச்சமிருந்தவங்க அவங்க. தளர்வுப் பயிற்சி எடுத்தவங்களை விட, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எடுத்தவங்க கூடுதலா முன்னேறினாங்க. கர்ப்பிணிகளுக்குன்னு செஞ்ச ஆய்வு இல்லை இது. ஆனா அதோட அடிப்படை எளிமையானது: ஞாபகத்தை மூளையிலிருந்து வெளியே எடுத்து வை. ஒரே நோட்டு, ஒரே காலண்டர். பெரிய வேலையைச் சின்னதா உடை. 'நான் மோசமானவ'ங்கற எண்ணம் வந்தா, அது உண்மையான்னு கேட்டுப் பாரு.

இப்போ அந்தப் பாலாத்து வேலூர். 1957ல சி.எம்.சி. பாகாயத்துல மனநல மையம் தொடங்குச்சு. அங்க நோயாளியோட குடும்பமும் கூடவே தங்கும். அதே காலத்துல அமிர்தசரஸ்ல டாக்டர் வித்யா சாகர், ஆஸ்பத்திரி வளாகத்துலயே கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்க வெச்சார். 2002ல சி.எம்.சி. மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறக் கர்ப்பிணிகள் 359 பேரைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு வெளியாச்சு. 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்கு அப்புறம் புதுசா மனச்சோர்வு வந்திருந்துது. காரணங்கள்ல ஒண்ணு, கைவேலைக்கு ஆள் இல்லாதது. அது மனச்சோர்வு, ஏ.டி.எச்.டி. இல்லை. ஆனாலும் தூக்கமில்லாத அந்த மாசங்கள்ல துணைக்கு ஆள் இருக்கறது எவ்வளவு முக்கியம்னு அது சொல்லுது. 2009ல பெங்களூரு நிம்ஹான்ஸ் தாய்-சேய் மனநல வார்டையே திறந்துச்சு.

வளைகாப்பு முடிஞ்சு அக்கா அம்மா வீட்டுக்கு வந்தாங்க. அமுச்சி குளிப்பாட்டிவிட்டு, பத்தியம் போட்டு எல்லாம் பார்த்துக்கிட்டாங்க. கூடவே "மறதி புடிச்ச புள்ள"ன்னு ஒரு திட்டும். துணை இருந்துது, புரிதல்தான் இல்லை. ஒருநாள் அக்காவே விளக்கினாங்க. அதுக்கப்புறம் தூளிக்குப் பக்கத்துல ஒரு சிலேட்டு தொங்குச்சு: பால் குடுத்த நேரம், இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி தேதி. அக்கா தூங்கறப்போ அமுச்சி எழுதுவாங்க.

இதைக் கேக்கற யாராவது மருந்துல இருந்தா, நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட பேசுங்க. மனசுக்குக் கஷ்டமா இருந்தா டெலி மனஸ் எண் 14416. அடுத்த எபிசோடுல பாக்கலாம்.