வட சிலாங்கூரில் மின்சாரமும் தூரமும்

ரவாங் ஈயச் சுரங்கத்தில் தேங்கிய நீரை இறைக்க, 1894இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்சாரப் பம்புகளைப் பொருத்தினர். மலாயாவின் மின்சார வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. பக்கத்திலுள்ள பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டப்பட்டது. இரயிலும் மின்நிலையமும் அதை எரித்தே ஓடின.

இத்தனைக்கும் அருகில் இருந்த தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் மிகவும் பிந்தித்தான் வந்தது. பொழுது சாய்ந்ததும் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். இரவில் சில மணி நேரத்தோடு நின்றுவிடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். எழுபதுகளிலும் பல தோட்டங்களில் இதே நிலைதான். மலாயாவின் செல்வத்தை உழைத்துக் கொடுத்தவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி இது.

மின்சாரம் போலவே தோட்டத்தில் தூரமும் அளவோடுதான் இருந்தது. அங்கே போக்குவரத்தின் எல்லையை வகுத்தது விளைபொருளே. ரப்பர் மரத்தில் வெட்டிய பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கும். காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்து, வெயில் ஏறுமுன் நிறுவைக்குக் கொடுத்தாக வேண்டும். செம்பனைக்கும் இதே அவசரம் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே அதை வணிகப் பயிராக நட்டார். அறுத்த குலையை ஒரு நாளுக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் கூடிவிடும். ஆகவே ஆலை அருகிலேயே எழுந்தது. மாட்டு வண்டியோ டிராக்டரோ, காலையில் புறப்பட்ட கொட்டகைக்கே மாலையில் திரும்பியது.

இப்படிக் குறுகிய தூரம் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வண்டிக்கு மின்கலம் நன்றாகப் பொருந்தும். கோல சிலாங்கூரில், சிலாங்கூர் ஆற்றில் இதைக் காணலாம். மின்மினி பார்க்க கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகு போகிறது. கம்போங் புக்கிட் பெலிம்பிங்கில் மின்மோட்டார் படகு, புகையும் இரைச்சலும் இல்லாமல் போய்த் துறைக்கே திரும்புகிறது.

கார்களின் கணக்கும் இப்போது இதற்குள் அடங்குகிறது. 2024 டிசம்பரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 7 மின்கார், சிறிய மின்கலத்தில் 345 கிலோமீட்டரும் பெரியதில் 410 கிலோமீட்டரும் ஓடும் என்பது சோதனை அளவு. நெடுஞ்சாலை வேகமும் இடைவிடாத குளிர்சாதனமும் அதைக் குறைக்கும். கால்பங்கு போனாலும் சிறிய மின்கலத்தில் 250 கிலோமீட்டருக்கு மேல் மிஞ்சும். கோல சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் போய்வர 140 கிலோமீட்டர் அளவுதான்.

சிக்கல் இரவில்தான். வீட்டு முன்றிலில் கார் நிறுத்துபவர் உறங்கும்போதே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். தோட்டம் துண்டாடப்பட்டு மலிவுவிலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. மூன்றாம் மாடி வீட்டின் மின்சாரம் கீழே நிற்கும் காருக்கு எட்டாது. அவர்களுக்குப் பொது சார்ஜ் நிலையமே வழி.