கைத்துப்பாக்கி உறை

கைத்துப்பாக்கியை உடலோடு எடுத்துச்செல்ல உதவும் தோல், துணி அல்லது பிளாஸ்டிக் கூடு. ஆடைக்குள் மறைத்து அணியும் வகையின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தது. துப்பாக்கியின் பொறியமைப்பு மாற மாற ஆபத்து இடம்பெயர்ந்தது. உறையும் அதன் பின்னாலேயே போயிருக்கிறது.

16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் குதிரைவீரர்களின் பிஸ்டல்கள் பெரியவை. சேணத்தின் முன்புறம் இரு பக்கமும் தொங்கிய உறைகளில் சோடியாக இருந்தன. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வர் பரவிய பின்பே உறை மனிதரின் இடுப்புக்கு வந்தது. 1849ஆம் ஆண்டுத் தங்க வேட்டையை ஒட்டி, துப்பாக்கியின் வடிவத்துக்கே தைத்த ஒடுங்கிய தோல் உறைகள் கலிபோர்னியாவில் புழங்கின.

மறைத்துச் செல்வது அப்போது நல்ல பெயர் எடுத்த பழக்கமல்ல. கென்டக்கியும் லூசியானாவும் 1813லேயே அதைத் தடைசெய்தன. 1987இல் புளோரிடா தகுதியுள்ளோர் எவருக்கும் உரிமம் வழங்கத் தொடங்கியது. பல மாநிலங்கள் அவ்வழியே வந்தன. 2022இல் நியூயார்க்கின் கடுமையான உரிம விதியை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது.

பழைய ரிவால்வரின் ஆபத்து சுத்தியில் இருந்தது. தோட்டாவின் மேலேயே அது படிந்திருந்ததால், துப்பாக்கி கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடும். 1876 ஜனவரியில் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில், பின்னாளில் புகழ்பெற்ற காவலர் வயட் எர்ப் நாற்காலியில் சாய்ந்தபோது ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவருடைய கோட்டைத் துளைத்துச் சென்றது, அவர் தப்பினார். ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறையின் மேல் சுத்தியை வைக்கும் வழக்கத்துக்குக் காரணம் இத்தகைய விபத்துகளே. அன்றைய உறையிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான்: நழுவ விடாதே.

விழுந்தாலும் வெடிக்காத அமைப்புகள் வந்தபின் ஆபத்து விசைக்கு நகர்ந்தது. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற குளோக் பிஸ்டலில் தனியாகப் போட்டு எடுக்கும் பாதுகாப்புத் தாழ் இல்லை; விசையை அழுத்தினால் சுடும். அழுத்துவது விரலா, சட்டை நுனியா, தளர்ந்து மடிந்த தோலா என்று அதற்குத் தெரியாது. 2008இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பரெஸ் உறையே இல்லாமல் கால்சட்டை இடுப்பில் குளோக்கைச் செருகி மன்ஹாட்டன் இரவு விடுதி ஒன்றுக்குப் போனார். அது சரிந்து, தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். உரிமமற்ற ஆயுதம் வைத்திருந்ததற்காகச் சிறைக்கும் போனார்.

எனவே இன்று உறையைத் தேர்வதில் முதல் கேள்வி, விசையும் அதைச் சூழ்ந்த வளையமும் கெட்டியான பொருளால் முழுதும் மூடப்படுகின்றனவா என்பது. விமான உட்பகுதிகளுக்காக 1960களில் வந்த கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் இங்கே கைகொடுத்தது. சூடாக்கி அச்சில் அழுத்தினால் துப்பாக்கியின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும், பின் வளையாது. எல்லா மாடலுக்கும் பொருந்துமென விற்கப்படும் மெத்தென்ற துணி உறைகள் எதற்கும் சரியாகப் பொருந்துவதில்லை. இதில் கதாசிரியர்களும் சறுக்கியிருக்கிறார்கள்: இயன் ஃபிளெமிங் 1958 நாவலான 'டாக்டர் நோ'வில் ஜேம்ஸ் பாண்டின் வால்தர் பிஸ்டலுக்கு பெர்ன்ஸ்-மார்ட்டின் உறையைக் கொடுத்தார். அது ரிவால்வருக்கானது.

அடுத்தது உறையின் வாய். துப்பாக்கியை எடுத்தபின்னும் அது திறந்தே நிற்க வேண்டும். சப்பிப்போனால் மறு கையால் விரிக்க நேரும். அந்தக் கை குழலுக்கு எதிரே வந்துவிடும். வெளியே எடுப்பதைவிடத் திரும்பச் செருகுவதே அபாயமான கணம் என்று பயிற்சியாளர்கள் எச்சரிப்பது இதனால்தான். அடிவயிற்றுப் பக்கம் அணிவோரில் சிலர் உறையைக் கழற்றி, துப்பாக்கியை அதில் பொருத்திய பின்பே இடுப்பில் செருகுவர். பிடிமானத்தைச் சோதிக்க, தோட்டா நீக்கிய துப்பாக்கியோடு உறையைத் தலைகீழாக்கி மெல்ல ஆட்டிப் பார்ப்பதுண்டு. மெலிந்த பெல்ட்டில் நல்ல உறையும் சாயும். தோல் வியர்வையில் இளகும், கைடெக்ஸ் உறையின் திருகுகள் தளரும். வாய் தொய்ந்த தோல் உறையைப் பழுதுபார்ப்பதைவிட மாற்றிவிடுவதே வழக்கம்.