காதற் சதுரங்கமும் மூன்று தோழரும்

விளையாட்டுக்குப் பலகை வேண்டும், காய்கள் வேண்டும், விதிகள் வேண்டும். இவை மூன்றையும் எளிதிலே தேடிக்கொள்ளலாம். தேடுதற்கு அரியது தக்க துணையே. சகுனியோடு கவறாட அமர்ந்த தருமன் நாட்டை மாத்திரமன்றித் தேவியையும் பணயமாக வைத்து இழந்த கதை எல்லோரும் அறிந்தது. பொருள் கருதிய ஆட்டத்துக்கே துணை தெரிதல் இவ்வளவு இன்றியமையாததாயின், ஆண் பெண் உறவையே பொருளாகக் கொண்ட ஆட்டத்துக்கு அது பன்மடங்கு வேண்டற்பாலது. அங்கே காதலும் நாணமும் மானமும் காய்களாக நிற்கின்றன. எதிரே அமர்ந்தவர் பண்பற்றவராயின் வெட்டுண்பது காய் அன்று, மனமே வெட்டுண்ணும்.

அத்தகைய ஆட்டம் ஒன்றுக்கு ஏற்ற துணைவரை ஒருவரையொருவர் கண்டுகொண்ட மூவர், ஏறக்குறைய 1475ஆம் ஆண்டிலே, ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகரில் வாழ்ந்தார்கள். பிரான்சி டி காஸ்தெல்வி உயர்குடிப் பிரபு. நார்சிஸ் வின்யோலெஸ் நகர ஆட்சியிற் பதவிகள் வகித்தவர். பெர்னாத் பெனொயார் ஒரு குருவானவர். நிலையாலும் தொழிலாலும் வேறுபட்ட இம்மூவரையும் பிணைத்தவை இரண்டு: ஒன்று கவிதை, மற்றொன்று சதுரங்கம். 1474ஆம் ஆண்டிலே கன்னி மரியாளின் புகழ் பாடும் கவிதைப் போட்டி ஒன்று வலென்சியாவில் நடந்தபோது அதன் செயலாளராய் இருந்தவர் பெனொயார். வின்யோலெஸ் அதிலே பாடிய புலவர்களுள் ஒருவர். அக்கவிதைகளின் தொகுதி, ஸ்பெயினில் அச்சேறிய முதல் இலக்கிய நூல் என்று போற்றப்படுகின்றது.

இந்தியாவிலே தோன்றிய சதுரங்கம் பாரசீகம் சென்று, அராபியர் வழியாக ஸ்பெயினை அடைந்தது. 1283ஆம் ஆண்டிலே பத்தாம் அல்பொன்சோ மன்னன் ஆட்டங்களைப் பற்றி ஒரு பெருநூலை எழுதுவித்தான். அந்நூலின் ஓவியங்களிலே கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒரே பலகைக்கு இருபுறமும் அமர்ந்திருக்கக் காணலாம். பெண்களும் பலகை முன் அமர்ந்து காய் நகர்த்துகின்றனர். போரிலே எதிரெதிரே நின்றவர்கள் பலகை முன்னே நண்பராக அமரக்கூடும் என்பதை அவ்வோவியங்கள் காட்டுகின்றன.

அக்காலத்தில் அரசனுக்குப் பக்கத்தே நின்ற காய் மூலைவாட்டில் ஒரு கட்டம் மாத்திரமே செல்ல வல்லது. அராபியர் அதனை அமைச்சன் என்றனர். ஐரோப்பியர் அதனை அரசியாக்கினர். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அந்த அரசிக்கு எத்திசையிலும் எவ்வளவு தூரமும் செல்லும் ஆற்றல் வழங்கப்பட்டது. மெல்ல நடந்த ஆட்டம் விரைந்து பாயத் தொடங்கியது. இப்புதிய முறையில் ஆடப்பெற்றனவாக இன்று அறியப்படும் ஆட்டங்களுள் மிகப் பழையது, இம்மூன்று தோழரும் சேர்ந்து பாடிய 'காதற் சதுரங்கம்' என்னும் பாடலிலேயே காணப்படுகின்றது.

அப்பாடலின் அமைப்பு வியக்கத்தக்கது. பலகையின் கட்டங்கள் அறுபத்து நான்கு. பாடலின் செய்யுள்களும் அறுபத்து நான்கு. ஒவ்வொரு செய்யுளுக்கும் ஒன்பது அடிகள். போர்த்தெய்வமாகிய மார்ஸ் சிவப்புக் காய்களையும், காதற்றெய்வமாகிய வீனஸ் பச்சைக் காய்களையும் ஆடுகின்றனர். மெர்க்குரி நடுவராக அமர்கின்றான். மார்சுக்காகக் காஸ்தெல்வியும், வீனசுக்காக வின்யோலெசும், நடுவருக்காகப் பெனொயாரும் பாடுகின்றனர். முன்னுரையாக மூன்று செய்யுள்கள் வருகின்றன. அதன்பின் ஒருவர் காயை நகர்த்த, மற்றவர் மறுமொழியாகத் தம் காயை நகர்த்த, மூன்றாமவர் விதியை எடுத்துரைக்கப் பாடல் செல்கின்றது.

காய்களுக்கு அவர்கள் இட்ட பெயர்களிலேதான் ஆட்டத்தின் பொருள் விளங்கும். சிவப்பு அரசன் அறிவு; அவன் அரசி இச்சை; கோட்டைகள் அவா; குதிரைகள் புகழுரை; மூலைவாட்டிற் செல்லும் காய்கள் எண்ணம்; காலாட்கள் பணிவிடை. பச்சை அரசன் மானம், அவன் அரசி அழகு, கோட்டைகள் நாணம், குதிரைகள் அலட்சியம், மூலைவாட்டுக் காய்கள் இனிய நோக்கு, காலாட்கள் உபசாரம்.

இப்பெயர்களை மனத்திற்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தால், காதலன் ஒருவன் ஒரு பெண்ணின் மனத்தை முற்றுகையிடும் வரலாறு தெளிவாகத் தோன்றும். இரண்டாம் நகர்விலேயே அழகு வெளியே வந்து தோன்றித் திரும்புகின்றது. இனிய நோக்கு ஒரு புகழுரையை வெட்டுகின்றது. உடனே இச்சை பாய்ந்து அந்நோக்கைக் கவர்கின்றது. பின்னர் எஞ்சிய புகழுரை உபசாரம் ஒன்றைக் கடந்து சென்று நாணத்தை வீழ்த்துகின்றது. அலட்சியம் அப்புகழுரையை வெட்டியபோதிலும் இழந்த நாணம் மீளவில்லை. ஈற்றிலே அழகு தன் அரசனைவிட்டு விலகி நிற்க, இச்சை அலட்சியத்தை வெட்டி, இருபத்தோராம் நகர்விலே, அவாவின் துணைகொண்டு, மானத்தை மடக்குகின்றது. ஆட்டம் முழுவதிலும் அறிவு என்னும் அரசன் இருந்த இடத்தைவிட்டு ஒரு கட்டமேனும் அசையவில்லை. காதல் வேகத்திலே அறிவுக்கு வேலை இல்லை என்பதை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

இத்தகைய ஆட்டத்தை எவரோடும் ஆடிவிட முடியாது. தோற்கும் பக்கத்தைத் தோழன் ஏற்றுக்கொண்டு, அப்பக்கத்தின் நியாயத்தை மனமொப்பி எடுத்துரைக்க வேண்டும். வெல்பவன் வெற்றியால் எக்களித்தல் ஆகாது. இருவரும் மதிக்கும் நடுவன் ஒருவன் வேண்டும். வலென்சியாவிலே இம்மூன்றும் பொருந்தின. அத்தோழமை ஓர் ஆட்டத்தோடு முடியவுமில்லை. 1497ஆம் ஆண்டிலே அச்சேறிய 'ஒலிவக் காய்களின் வழக்கு' என்னும் பாடலிலே, காதலுக்கு ஏற்றவர் முதியவரா இளையவரா என்று புலவர் சிலர் நகைச்சுவை ததும்ப வழக்காடினர். அவர்களிடையே பெனொயாரும் வின்யோலெசும் இருந்தனர். அதே ஆண்டில் சலமன்காவிலே லூசெனா வெளியிட்ட நூலும் காதலைப் பற்றிய உரையையும் சதுரங்கக் கலையையும் ஒரே கட்டிலே சேர்த்துத் தந்தது.

ஆயினும் இத்தோழமையிலே ஒரு குறை உண்டு. வீனசுக்காகப் பேசியவரும் ஆடவரே. பெண்ணின் மானமும் நாணமும் பலகைமேல் நின்றன. பெண்ணோ பலகை முன் இல்லை. இரு நூற்றாண்டுகளுக்கு முன் அல்பொன்சோ மன்னனின் ஓவியங்களிலே காய் நகர்த்திய பெண்ணுக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை. அந்நகரிலே பேச வல்ல பெண்கள் இல்லாமலும் இல்லை. கன்னியர் மடத்தின் தலைவியாய் விளங்கிய இசபெல் டி வில்லேனா, கிறிஸ்துவின் வரலாற்றை எழுதியபோது அவரைச் சூழ்ந்த பெண்களின் சிறப்பை விரித்துரைத்தார். அவர் 1490இல் இறந்தபின், 1497இல் அந்நூல் அச்சாயிற்று. பணயமாக வைக்கப்பட்ட பாஞ்சாலியாவது சபையிலே நியாயம் கேட்டாள். காதற் சதுரங்கத்திலே பச்சைப் பக்கத்துப் பெண்ணின் குரல் ஓர் ஆடவரின் வாய்வழியாகவே கேட்கின்றது.

இப்பாடலின் கையெழுத்துச் சுவடி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பார்சிலோனாவிற் கண்டெடுக்கப்பட்டது. மூலச் சுவடி பின்னர் தொலைந்து போயிற்று. படியெடுத்து வைத்தமையாற் பாடல் பிழைத்தது. அன்று அம்மூவர் நகர்த்திய காய்களை இன்றும் எவரும் பலகையிலே மீண்டும் வைத்து ஆடிப் பார்க்கலாம். அங்ஙனம் ஆட அமர்வோர், மூவரின் நட்பைப் போற்றுவதோடு, அவர்கள் அழைக்க மறந்தவருக்கும் பலகை முன் ஓர் இடம் ஒதுக்குவாராயின், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அவ்வாட்டம் அப்போதுதான் நிறைவுறும்.