கத்னா: மாறாத சுன்னத்தும் மாறிவந்த முறைகளும்

ஆண் குழந்தை பிறந்த வீட்டில் பாங்கு சொல்லி, பெயர் சூட்டி, அகீகா கொடுத்து முடித்தபின் அடுத்து எழும் கேள்வி, 'கத்னா எப்போது?' என்பதே. பெரியவர்கள் ஒரு வயதைச் சொல்வர். அண்டை வீட்டார் வேறொன்றைச் சொல்வர். மருத்துவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். இவற்றுள் எது மார்க்கம், எது ஊர் வழக்கம், எது மருத்துவ அறிவு என்பதைப் பிரித்தறியாமலேயே பல பெற்றோர் முடிவெடுக்கின்றனர். கத்னாவின் வரலாற்றைச் சற்று விரித்து நோக்கினால் இம்மூன்றும் தனித்தனியே தெளிவாகத் தெரியும். நம் பிள்ளைகளின் உடல்நலம் இத்தெளிவைச் சார்ந்திருப்பதால் அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

நைல் நதிக்கரை முதல் அரபு மண் வரை

கத்னா மிகத் தொன்மையான வழக்கம். எகிப்தின் ஸக்காரா என்னும் இடத்தில், ஆறாம் அரச மரபின் காலத்தைச் சேர்ந்த அங்க்மாஹோர் என்பாரின் கல்லறையில் இக்காட்சியைச் சித்திரிக்கும் புடைப்புச் சிற்பம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ 4,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்சிற்பத்தில் இருப்பவர்கள் கைக்குழந்தைகள் அல்லர், வளர்ந்த இளைஞர்கள். அவர்களுள் ஒருவரை மற்றொருவர் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருக்கிறார். வலியும் மயக்கமும் அன்றே கவனத்தில் கொள்ளப்பட்டன என்பதற்கு அச்சிற்பம் சான்று. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் எகிப்தியரிடம் இவ்வழக்கம் இருந்ததைப் பதிவு செய்துள்ளார்.

நமக்கோ இது இப்ராஹீம் (அலை) அவர்களின் வழிமுறை. அவர்கள் தமது 80ஆவது வயதில் கத்னா செய்துகொண்டார்கள் என்பதை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் அறிவிக்கின்றன. தவ்ராத் வழிவந்த யூதர்களின் வேதநூல், இப்ராஹீம் (அலை) அவர்களின் வயதை 99 என்றும், இஸ்மாயீல் (அலை) அவர்களின் வயதை 13 என்றும் குறிப்பிட்டு, அதன்பின் பிறக்கும் ஆண் மக்களுக்கு எட்டாம் நாளை வரையறுக்கிறது. யூத சமூகம் இன்றுவரை அந்த எட்டாம் நாளைப் பேணி வருகிறது.

இஸ்லாத்திற்கு முன்பே அரபியரிடம் கத்னா இருந்தது. ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ், கத்னா செய்யும் மக்களின் அரசர் தோன்றிவிட்டார் எனக் கருதி விசாரித்ததையும், அரபியர் கத்னா செய்பவர்கள் என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டதையும் புகாரியின் முதற்பகுதியிலேயே காண்கிறோம். ஆகவே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புதியதொரு சடங்கை அறிமுகப்படுத்தவில்லை. இப்ராஹீம் (அலை) அவர்களின் மரபில் எஞ்சியிருந்ததை உறுதிப்படுத்தி, இயற்கை மரபாகிய ஃபித்ராவின் ஐந்து காரியங்களுள் ஒன்றாக வைத்தார்கள். நகம் வெட்டுதல், மீசை கத்தரித்தல், அக்குள் முடியையும் மறைவிட முடியையும் களைதல் ஆகியவை மற்ற நான்கு. இந்த வரிசையே கத்னாவைத் தூய்மையின் ஒரு பகுதியாக நமக்கு அடையாளம் காட்டுகிறது.

வயது எங்கே வரையறுக்கப்பட்டது?

திருக்குர்ஆனில் கத்னா நேரடியாகக் குறிப்பிடப்படவில்லை. இப்ராஹீமின் மார்க்கத்தைப் பின்பற்றுமாறு 'அந்நஹ்ல்' அத்தியாயத்தில் வரும் கட்டளையையும் நபிமொழிகளையும் கொண்டே சட்ட வல்லுநர்கள் இதனை ஆராய்ந்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் இது கட்டாயக் கடமை. ஹன்பலீ மத்ஹபின் பெயர்பெற்ற கருத்தும் அதுவே. ஹனஃபீ, மாலிகீ மத்ஹபுகளில் இது வலியுறுத்தப்பட்ட சுன்னத்.

ஆனால் வயதைப் பொறுத்தவரை ஒரே ஒரு நாளைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்றிலிருந்து, அன்றைய அரபியர் சிறுவர்கள் பருவமடையும் வயதை நெருங்கும்போதே கத்னா செய்து வந்தனர் என்று அறிகிறோம். நபியவர்கள் தம் பேரர்களான ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகியோருக்கு ஏழாம் நாளில் செய்வித்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலையினரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஷாஃபிஈ அறிஞர்கள் ஏழாம் நாளை விரும்பத்தக்கதாகக் கருதினர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ அது யூதர்களின் வழக்கத்தை ஒத்திருக்கிறது எனக் கருதி அதனை விரும்பவில்லை. சமுதாயத்தின் மாபெரும் இமாம்களே இவ்வாறு வேறுபட்டிருக்க, 'நாற்பதாம் நாளுக்குள் செய்யாவிட்டால் குற்றம்', 'ஒற்றைப்படை வயதில்தான் செய்ய வேண்டும்' என்றெல்லாம் பெற்றோரை நெருக்குவதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

இங்கே கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சியில் நடந்த ஒரு நிகழ்ச்சி நினைவுகூரத் தக்கது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதியில், குராசானில் மக்கள் திரளாக இஸ்லாத்தை ஏற்றனர். ஜிஸ்யா வரியிலிருந்து தப்பவே அவர்கள் வருகின்றனர் என்றும், கத்னாவைக் கொண்டு அவர்களைச் சோதிக்க வேண்டும் என்றும் ஆளுநருக்கு யோசனை கூறப்பட்டது. கலீஃபா அதை மறுத்தார். அல்லாஹ் தன் தூதரை அழைப்பாளராகவே அனுப்பினான், கத்னா செய்பவராக அனுப்பவில்லை என்னும் கருத்தில் அவர் எழுதிய மறுமொழியைத் தபரீ பதிவு செய்துள்ளார். கத்னா மேலான சுன்னத். ஆயினும் அது மனிதரை வதைக்கும் கருவியாகிவிடக் கூடாது என்பதே அக்கலீஃபா நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

மருத்துவர்களின் பங்களிப்பு

கத்னாவை ஓர் அறுவை சிகிச்சையாக ஆராய்ந்து எழுதிய முன்னோடிகளுள் முதன்மையானவர் அந்தலூஸைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. ஏறத்தாழ 1013இல் மறைந்த அவர் முப்பது பகுதிகள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்னும் நூலை எழுதினார். அதன் அறுவை சிகிச்சைப் பகுதியில் சிறுவர்களின் கத்னாவுக்கும், அதில் நேரும் பிழைகளைச் சரிசெய்வதற்கும் ஒரு தனி அத்தியாயம் உள்ளது. முன்னோர்களான கிரேக்க மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதாததால் தம் அனுபவத்தைக் கொண்டே எழுதுவதாகக் கூறும் அவர், நாவிதர்கள் கையாண்ட பல்வேறு முறைகளை எடைபோட்டு, நூலால் கட்டிக் கத்தரிக்கோலால் நீக்குவதே சிறந்தது என்று முடிவு கூறினார். 1465இல் அமாஸ்யா நகரின் மருத்துவர் ஷரஃபுத்தீன் ஸபுன்ஜுஒக்லு துருக்கி மொழியில் படங்களுடன் எழுதிய அறுவை சிகிச்சை நூலிலும் கத்னா இடம்பெற்றது.

அஸ்ஸஹ்ராவீயின் அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. சில குடும்பங்களின் ஆண்கள் சிறு காயத்திற்கும் இரத்தம் நில்லாமல் இறந்துபோனதை அவர் குறிப்பிட்டுள்ளார். இன்று ஹீமோஃபிலியா என்று நாம் அழைக்கும் பரம்பரை நோயின் தொன்மையான விவரிப்புகளுள் அதுவும் ஒன்று. யூதர்களின் தல்மூதும், கத்னாவினால் இரு சகோதரர்கள் இறந்திருந்தால் மூன்றாமவனுக்கு விலக்களிக்கும் சட்டத்தைப் பேசுகிறது. நம் அறிஞர்களிலும் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் கய்யிம் (ரஹ்), குழந்தை நலம் குறித்துத் தாம் எழுதிய 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' நூலில், தாங்கும் வலிமை இல்லாமல் உயிருக்கு ஆபத்து அஞ்சப்படும் குழந்தைக்கு இக்கடமை நீங்கும் என்பதை எடுத்துரைத்தார். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் இழப்புக்குப் பொறுப்பாவார் என்னும் நபிமொழி அபூதாவூதில் உள்ளது. அது கத்னா செய்பவருக்கும் பொருந்தும் என்பதே ஃபிக்ஹு அறிஞர்களின் நிலைப்பாடு.

விழாவும் வழக்கமும்

காலப்போக்கில் கத்னா ஒரு விழாவாகவும் வளர்ந்தது. உஸ்மானியச் சுல்தான் மூன்றாம் முராத் 1582இல் தம் மகன் மெஹ்மதின் கத்னாவை இஸ்தான்புல்லில் ஐம்பது நாட்களுக்கும் மேலாகக் கொண்டாடினார். நகரின் கைத்தொழிலாளர் சங்கங்கள் அணிவகுத்த அக்காட்சிகளை ஓவியங்களோடு விளக்கும் நூல் ஒன்றும் உருவாயிற்று. 1720இல் மூன்றாம் அஹ்மத் நடத்திய விழாவில் இளவரசர்களோடு ஆயிரக்கணக்கான ஏழைச் சிறுவர்களுக்கும் அரசுச் செலவில் கத்னா செய்யப்பட்டது. தம் வீட்டு மகிழ்ச்சியில் ஏழைகளின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட அப்பண்பு போற்றத்தக்கது.

நம் ஊர்களிலும் 'சுன்னத் கல்யாணம்' என்று பெயரிட்டு, சிறுவனுக்கு மாப்பிள்ளைக் கோலம் பூட்டி, ஊர்வலம் வைத்து, விருந்தளித்தனர். கத்னாவைச் செய்தவர்கள் பரம்பரை நாவிதர்கள். இலங்கைச் சோனகர் 'ஒஸ்தா' என்றும், கேரள மாப்பிள்ளைமார் 'ஒஸ்ஸான்' என்றும் அவர்களை அழைத்தனர். மருத்துவமனை எட்டாத காலத்தில் சமுதாயத்தின் சுன்னத்தைக் காத்துத் தந்த கைகள் அவை. நன்றியோடு அவர்களை நினைக்கும் நாம், அன்று இல்லாத மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் இன்று இருக்கும்போது அவற்றைப் புறக்கணிப்பது நன்றியாகாது என்பதையும் உணர வேண்டும். வசதியில்லாதவர்கள் கடன் வாங்கி விருந்து வைப்பதும், விருந்துக்குப் பணம் சேரும்வரை பிள்ளையின் கத்னாவைத் தள்ளிப்போடுவதும் சுன்னத்தில் சேராதவை.

அண்மைக் கால விவாதங்கள்

1949இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் எழுதிய கட்டுரை மருத்துவ உலகைச் சிந்திக்க வைத்தது. பிறந்த குழந்தையின் முன்தோல் பின்னால் நகராமல் ஒட்டியிருப்பது நோயன்று, இயல்பே என்று அவர் காட்டினார். அன்றைய இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 சிறுவர்கள் இச்சிகிச்சையையொட்டி இறந்ததையும் எடுத்துக்காட்டினார். மறுபுறம், தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் நடந்த மூன்று பெரிய ஆய்வுகள், பெண்களிடமிருந்து ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் கத்னா ஏறத்தாழ 60 விழுக்காடு குறைப்பதைக் காட்டின. 2007இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் மிகுந்த நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. கைக்குழந்தைகளின் சிறுநீர்ப் பாதைத் தொற்று குறைவதும் அறியப்பட்டுள்ளது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2012இல், நன்மைகள் தீமைகளை விட மிகுதி, ஆயினும் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை. முடிவு பெற்றோருடையது என்று அறிவித்தது. நாம் கத்னா செய்வது அல்லாஹ்வின் கட்டளைக்கு வழிபட்டே; மருத்துவ நன்மைகள் அதன்மேல் கிடைப்பவை. ஆகவே அவற்றை மிகைப்படுத்திப் பேச வேண்டிய தேவை நமக்கில்லை.

அதே 2012இல் ஜெர்மனியின் கொலோன் நகர நீதிமன்றம், நான்கு வயது முஸ்லிம் சிறுவன் ஒருவனுக்குக் கத்னாவுக்குப் பின் இரத்தக்கசிவு ஏற்பட்ட வழக்கில், மருத்துவரை விடுவித்தபோதிலும் சமயக் காரணத்துக்கான கத்னாவை உடற்காயம் எனத் தீர்ப்பளித்தது. முஸ்லிம்களும் யூதர்களும் கவலையுற்றனர். அவ்வாண்டு டிசம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றம், மருத்துவ நெறிகளின்படி செய்யப்படுமாயின் அது பெற்றோரின் உரிமை என்று சட்டமியற்றியது. ஒரு சிறுவனின் இரத்தக்கசிவு ஒரு நாட்டின் சட்டத்தையே அசைத்தது. கவனமாகச் செய்யப்படும் ஒவ்வொரு கத்னாவும் இந்த உரிமைக்குக் காவல் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

பெற்றோர் கருத வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. முதலாவது, முழுமாதக் குழந்தையாகவும் நலமாகவும் இருந்தால் சிறுவயதில் செய்வது எளிது. காயம் விரைவில் ஆறும், சிக்கல்களும் குறைவு. குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலை உள்ள குழந்தை, எடை குறைந்த குழந்தை ஆகியோருக்குக் காத்திருப்பதே முறை. மார்க்கம் அந்த அவகாசத்தை ஏற்கெனவே தந்துள்ளது.

இரண்டாவது, தாய்வழி ஆண்களிலோ குழந்தையின் அண்ணன்மாரிலோ இரத்தம் உறையாத நோய் இருந்திருப்பின் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, 'பிறவியிலேயே கத்னா ஆன பிள்ளை' என்று சில குடும்பங்கள் மகிழ்வதுண்டு. நபியவர்கள் அவ்வாறு பிறந்தார்கள் என்னும் அறிவிப்பையே இப்னுல் கய்யிம் (ரஹ்) பலவீனமானது என்றார். முன்தோல் பாதியளவே இருந்து, சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருந்தால் அது ஹைப்போஸ்பேடியாஸ் என்னும் பிறவிக் குறைபாடு. அதைச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்கு அந்த முன்தோலே தேவைப்படலாம். எனவே அறுவை மருத்துவர் பார்க்கும்முன் அக்குழந்தைக்குக் கத்னா செய்யவே கூடாது.

நான்காவது, பயிற்சி பெற்ற கை, கிருமி நீக்கிய கருவி, வலி மரப்பு மருந்து ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. கைக்குழந்தைக்கு வலி தெரியாது என்பது தவறான எண்ணம். ஒரே நாளில் பலருக்குச் செய்யும் முகாம்களில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கருவி உண்டா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. பின்னர் இரத்தம் நில்லாமல் கசிந்தாலோ, பல மணி நேரம் சிறுநீர் கழியாவிட்டாலோ, காய்ச்சலோ பரவும் சிவப்போ தோன்றினாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சாம்பலும் மஞ்சளும் பூசிக் காத்திருத்தல் ஆபத்து.

குழந்தை நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். இப்ராஹீம் (அலை) அவர்களின் சுன்னத்தை அப்பிள்ளையின் உடலில் நிறைவேற்றும் நாம், அவ்வுடலின் நலனைப் பேணுவதும் அதே வணக்கத்தின் ஒரு பகுதி என்று கொள்வோமாக. அல்லாஹ் நம் சந்ததிகளை நலமும் ஈமானும் நிறைந்தவர்களாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.