பங்காரக்காவின் கணவன் யார்? தோல்பாவைத் திரையில் சரசம்

தெலுங்கு நிலத்தின் ‘தோலு பொம்மலாட்ட’ பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இராமனில் தொடங்கி இராவணனில் முடிந்துவிடுகின்றன. ஆனால் விடியவிடிய நிகழும் ஆட்டத்தில் ஊர் உறங்காமல் இருப்பதற்கு இராமன் மட்டும் காரணமல்லன். பங்காரக்கா, அவள் கணவன் ஜுட்டுப்போலிகாடு, அவளையே சுற்றிவரும் கேதிகாடு ஆகிய மூவருக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. போர்க்களமோ அசோகவனமோ, எக்காட்சிக்கு நடுவிலும் இவர்கள் திரைக்குள் நுழையலாம். அப்போது காப்பியம் நின்றுவிடும். கண்சாடையும் சீண்டலும் வசவும் அடிதடியும் தொடங்கும். பங்காரக்கா வெறுமனே துரத்தப்படும் பெண்ணல்லள். வாயாடுவாள், அடிப்பாள், மனம் வந்தால் இசைவாள்.

காப்பிய மாந்தர்க்கும் காதல் உண்டு. வியாசரிடம் இல்லாத சசிரேகை, அபிமன்யுவின் காதலியாகப் பாவைத்திரையில் வாழ்ந்தாள். 1957இல் ‘மாயாபஜார்’ அக்கதையைத் திரைப்படமாக்கிற்று. ஆனால் உயர்மாந்தர் காதல் பாட்டிலும் செய்யுளிலும் நிகழ்வது. கோமாளிகளின் காதலோ பேச்சில் நிகழ்வது. சூர்ப்பணகைக் காட்சியில் மட்டும் இவ்வெல்லை சற்றே கலைகிறது. அங்கே கேலி பேசுபவர்கள் இராமலக்குவரே அல்லவா!

மொழியியல் மாணவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பவை இவர்களின் பெயர்கள். ‘ஜுட்டு’ என்றால் குடுமி. தமிழகத் தோல்பாவைக் கூத்தில் உளுவத்தலையனோடு வரும் உச்சிக்குடுமியை இது உடனே நினைவூட்டும். ‘-காடு’ என்பது மரியாதை குறைந்த ஆண்பால் ஒட்டு. ‘-காரு’ என்பதன் எதிர்முனை. ஆண்கள் இருவர்க்கும் அதுவே வாய்த்திருக்கிறது. அவளுக்கு மட்டும் ‘அக்கா’. பெண்பெயரோடு வரும் ‘அக்கா’ பொதுவான மதிப்புச் சொல்லாகவும் வழங்குவது உண்மையே. ஆயினும் பாவைக்கும் மரதலுக்கும், தமிழில் சொன்னால் மாமனுக்கும் மச்சினிக்கும், இடையே சரசத்தை அனுமதிக்கும் சமூகம், அக்கா என்னும் உறவுக்கு அதை அறவே விலக்குகிறது. ஆகவே கேதிகாடு அவளைப் பெயர்சொல்லி அழைக்கும் ஒவ்வொரு முறையும் முறைமீறல் ஒன்று நிகழ்கிறது. வசனத்துக்கு முன்பே நகைச்சுவை பெயரிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் வாசிப்பு.

கன்னடத் தொகலு கொம்பெயாட்டத்திலும் பங்காரக்கா இருக்கிறாள். அங்கே அவள் கணவன் கிள்ளேக்யாதன்; அக்கலைஞர் சமூகமே அவன் பெயரால் அறியப்படுகிறது. ‘கேதி’, ‘க்யாத’ என்னும் வடிவங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு மொழியில் கணவனாக இருப்பவன் இன்னொரு மொழியில் கள்ளக்காதலனாகிவிடுகிறான்! ஆந்திரம், கர்நாடகம், தமிழகம் மூன்றிலும் இக்கலையை ஆடும் குடும்பங்களில் பல வீட்டில் மராத்திக் கிளைமொழி பேசுபவை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு மேடைமொழி வேறு, அடுக்களைமொழி வேறு. 1911இல் உருவாகி, 1960இல் திருத்தணிப் பகுதியைத் தமிழகத்துக்கு விட்டுக்கொடுத்த சித்தூர் மாவட்டம் போன்ற எல்லைநிலத்தில், சிலேடைக்கு இரண்டு மூன்று மொழிகள் கையருகே கிடைக்கும். தர்மராஜர் கோயில் விழாக்களில் இரவுதோறும் பாரதம் ஆடப்படும் பகுதி இது. தெருக்கூத்துக் கட்டியங்காரனின் குறும்பைக் கேட்டுப் பழகிய செவிகளுக்குக் கேதிகாடு அந்நியனல்லன்.

குரல் யாருடையது என்பதும் முக்கியம். கேரளத் தோல்பாவைக்கூத்து மரபாக ஆண்கள் மட்டுமே நிகழ்த்தியது. தெலுங்கு மரபிலோ குடும்பமே குழு. பெண்பாவைகளுக்குப் பெரும்பாலும் பெண்களே பாடுகிறார்கள், பேசுகிறார்கள். மேற்கே 1976 முதல் 1981 வரை வந்த ‘மப்பெட் ஷோ’வில் தவளைக் கெர்மிட்டைக் காதலால் துரத்திய மிஸ் பிக்கிக்குக் குரல் தந்தவர் பிராங்க் ஆஸ் என்னும் ஆண். பங்காரக்காவின் வாயாடலோ, திரைக்குப் பின்னால் கணவனும் மைத்துனரும் அமர்ந்திருக்க, ஒரு பெண் உரக்கச் சொல்வது. அதைக் ‘கொச்சை’ என்று ஒதுக்குவோர் இதை எண்ணுவதில்லை.

துருக்கியின் கராகோஸ் நிழற்கூத்துக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே ஒதுக்கல் நேர்ந்தது. அதன் பச்சையான பகுதிகள் நாகரிகத்தின் பெயரால் நீக்கப்பட்டன. நம்மிடம் ஆணை ஏதும் தேவைப்படவில்லை. ஓர் இரவு ஆட்டம் விழா மேடைக்காக ஒரு மணிநேரமாகச் சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது கோமாளிக் காட்சிதான். தோற்கலைக்குப் பெயர்பெற்ற அனந்தபுரம் பகுதியின் நிம்மலகுண்டாவில் இன்று விளக்குமூடிகளும் தோலில் செய்யப்படுகின்றன. இராமாயணப் பகுதிகளுக்கு ரங்கநாத ராமாயணம் என்னும் ஏடு துணையிருக்கிறது. பங்காரக்காவுக்கு ஏடில்லை. அவ்வப்போது கட்டப்படும் உரையாடல் அது, நிகழ்த்துபவரோடு போய்விடும்.

களப்பணிக்குச் செல்லும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவுக்கருவியைக் கோமாளிக் காட்சியில் நிறுத்தாதீர்கள். கேதிகாடு அவளை எந்த மொழியில், எந்த உறவுச்சொல்லால் அழைக்கிறான், அவள் எந்தச் சொல்லால் திருப்பித் தருகிறாள், அப்போது அவையில் யார் சிரிக்கிறார்கள் என்பதையாவது குறித்து வாருங்கள்.