மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

நீச்சல்குளம் உள்ள வீட்டில் குடியேறலாமா என்று யோசிக்கும் குடும்பம் வழக்கமாக இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்க்கிறது. ஒன்று குழந்தைகளின் பாதுகாப்பு, மற்றது பராமரிப்புச் செலவு. இரண்டும் நியாயமான கவலைகள்தாம். உலகச் சுகாதார நிறுவனம் 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. குளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் வேலி, தானே சாத்திக்கொள்ளும் கதவு, கண்ணை அகற்றாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் ஆகிய மூன்றுக்கும் வழியில்லாத வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கடலோர ஊர்களில் இந்த இரண்டு கணக்குகளோடு விஷயம் முடிவதில்லை. அந்தக் குளத்தை நிரப்பும் நன்னீர் எங்கிருந்து வருகிறது, அதில் வேறு யாருக்குப் பங்கு இருக்கிறது என்ற மூன்றாவது கணக்கும் உண்டு. சுண்ணாம்புக்குளம் முதலான பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களின் நீர் வரலாறு இந்த மூன்றாவது கணக்கைப் போடக் கற்றுத்தருகிறது. அந்த வரலாற்றைப் படித்தால் ஒரு முடிவுக்கு வரலாம்: இந்தக் கரையில் சொந்த நிலத்தில் சொந்தச் செலவில் வெட்டினாலும், நிலத்தடி நீரை உண்ணும் குளம் ஒரு குடும்பத்தின் சொந்த விஷயமாக இருந்ததே இல்லை.

பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. இவ்வளவு பரந்த நீருக்குச் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியும் வெள்ளம் கொண்டுவரும் மாதங்களில் ஏரி நன்னீரை நெருங்கும். கோடையில் சில இடங்களில் கடலையும் மிஞ்சி உவர்க்கும். கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த சுண்ணாம்புக்குளத்தின் பெயரிலேயே சுண்ணாம்பும் குளமும் சேர்ந்திருக்கின்றன. ஏரியின் அடியில் படிந்துகிடக்கும் கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது இந்த வட்டாரத்தின் பழைய தொழில். சென்னை வீடுகளின் சுவர்களைப் பளிங்குபோல மின்ன வைத்த புகழ்பெற்ற பூச்சு, கிளிஞ்சல் சுண்ணாம்பால் ஆனது. ஏரியை ஒட்டிப் பட்டணம் வரை செல்லும் பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகுகள் ஓடின. இப்படி ஏரி மீனும் இறாலும் கொடுத்தது, சுண்ணாம்பு கொடுத்தது, வழியும் கொடுத்தது. குடிக்கத் தண்ணீரை மட்டும் கொடுக்கவில்லை. அதை மனிதர்கள் மணலைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

கண்ணுக்கெட்டிய தூரம் உப்புநீர் கிடக்கும் ஊரில், ஆள் உயரம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவது விந்தையாகத் தோன்றலாம். காரணம் எளியது. மழைநீர் மணலில் இறங்கிச் சேர்கிறது. உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது. ஆகவே அது கீழே உள்ள உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. இந்தச் சமநிலைக்குக் கணக்கு எழுதியவர்களில் ஒருவர் 1880-களின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் மணல்மேடுகளை ஆராய்ந்த ஒரு டச்சு ராணுவப் பொறியாளர், பாடன் கைபன். 1901-இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் தனியாக அதே முடிவுக்கு வந்தார். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அவர்களின் விதி. இதைத் திருப்பிப் படித்தால்தான் அதன் கடுமை தெரியும்: மேலே ஒரு அடி இறங்கினால், காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது அடி ஏறிவரும். பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பி இரண்டு நூற்றாண்டு இருந்த டச்சுக்காரர்களின் நாட்டிலேயே இந்த விதி பின்னாளில் எழுதப்பட்டது. விதி எழுதப்படும் முன்பே கரையோர மக்கள் அதன்படி நடந்துகொண்டார்கள். ஆழமில்லாத ஊற்று, வாய் அகன்ற கிணறு, கயிறும் குடமும், ஊறும்வரை காத்திருத்தல் என்று இருந்த அந்த முறையில் கையின் வலுவே உறிஞ்சலுக்கு எல்லையாக நின்றது. 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் இதே வேறுபாட்டைச் சட்டமாக்கியது. உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை எடுப்பதை அது தடைசெய்தது. 200 முதல் 500 மீட்டர் வரை குடிநீர், தோட்டம், வேளாண்மை, மீன்வளம் ஆகியவற்றுக்காகச் சாதாரணக் கிணற்றில் கையால் இறைக்க மட்டும் விட்டது.

நீரைப் பங்கு போட்டு எடுக்கும் பழக்கம் கிணற்றோடு நிற்கவில்லை. ஏரிக்குள்ளும் அது இருந்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பாடு முறையில், இறால் நிறைய விழும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பது முறைவைத்து முடிவாகிறது. தலைக்கட்டு என்ற கணக்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிமை. நல்ல இடம் ஒருவரிடமே தங்காமல் சுற்றிவரும். உரிமையில்லாத மற்ற ஊர்க்காரர்கள் இந்த முறையை எதிர்த்ததும் வரலாறுதான். குறையில்லாத ஏற்பாடு என்று இதைப் போற்ற வேண்டியதில்லை. ஆயினும் இதில் பதிந்திருக்கும் அறிவு பெரியது. ஒருவர் இழுப்பது இன்னொருவருக்குக் குறையும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே முறைவைக்கும் எண்ணம் பிறக்கிறது. எல்லையே தெரியாத ஏரியில் இதை ஒப்புக்கொண்ட கரையில், மணலுக்கடியில் கிடக்கும் மெல்லிய நன்னீரைப் பற்றி வேறுவிதமாக நினைக்க இடமில்லை.

ஒப்புக்கொள்ளாதபோது என்ன நடக்கும் என்பதற்கு ஏரிக்குத் தெற்கே மீஞ்சூர் சாட்சி. ஆரணி, கொசஸ்தலை ஆறுகளின் படுகையில் 1960-களில் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. சென்னைக்கும் அதன் வடக்கே உள்ள ஆலைகளுக்கும் நீர் அனுப்பக் கிணற்று வயல்கள் அமைந்தன. வேளாண்மையும் மோட்டாருக்கு மாறியது. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1987-இல் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டதாக ஆய்வுகள் காட்டின. அதே 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. மண் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலையை மின்சாரம் செலவழித்துச் செய்யும் நிலைக்கு ஒரு வட்டாரம் வந்துசேர நாற்பது ஆண்டுகள் போதுமாக இருந்தன.

இரண்டாவது சாட்சி இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அது தனியார் குளங்களைப் பற்றியது. 1990-களின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் இறால் பண்ணைகள் பெருகின. அவரவர் நிலத்தில் வெட்டிய குளங்கள்தாம் அவை. ஆனால் குளத்தின் உப்பு கரையோடு நிற்கவில்லை. பக்கத்து வயலிலும் குடிநீர்க் கிணற்றிலும் கசிந்தது. காந்தியவாதி எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த, மரபு முறை சாராத பண்ணைகளை அகற்றச் சொன்ன அந்தத் தீர்ப்பு, சிலிக்கா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இத்தகைய பண்ணைகள் கூடாது என்றது. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இந்தத் தொழிலை வேறு வழியில் ஒழுங்குபடுத்தியது. சட்டம் பின்னர் எப்படி மாறியிருந்தாலும், வழக்கு நிலைநாட்டிய உண்மை மாறவில்லை: வேலி நிலத்தைப் பிரிக்கும், நிலத்துக்கடியில் உள்ள நீரைப் பிரிக்காது.

இப்போது நீச்சல்குளத்தை அளந்து பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள நடுத்தரக் குளம் 60,000 லிட்டர் கொள்ளும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர், ஒரு வேகனுக்குச் சுமார் 50,000 லிட்டர். ஒரு வீட்டுக் குளம் ஒரு வேகனை விழுங்கியும் நிரம்பாது. நிரப்புவதைவிட ஆவியாதல் பெரிய செலவு. நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால் 50 சதுர மீட்டர் நீர்ப்பரப்பு தினமும் 250 லிட்டரை இழக்கிறது. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒருநாளைக்கு 55 லிட்டர் என்று வரையறுக்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 275 லிட்டர். அதாவது யாரும் இறங்காத நாளிலும் குளம் ஏறக்குறைய ஒரு மீனவக் குடும்பத்தின் பங்கை வெயிலுக்குக் கொடுத்துவிடுகிறது. நீரை வடிகட்டி மறுபடி பயன்படுத்துகிறோம், ஆண்டுக்கணக்கில் மாற்றுவதில்லை என்பது சரியான பதில்தான். ஆனால் வடிகட்டி அழுக்கைப் பிரிக்கும், ஆவியானதைத் திருப்பித் தராது. வடிகட்டியைக் கழுவும் குளோரின் நீரும் எங்கோ மணலில்தான் இறங்க வேண்டும்.

ஆலைகளும் பண்ணைகளும் லாரிகளும் உறிஞ்சுவதன் முன் ஒரு வீட்டுக் குளம் எம்மாத்திரம் என்று கேட்கலாம். மீஞ்சூரைக் கெடுத்தது நீச்சல்குளம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆற்றுப்படுகையின் ஆழமான நீர்த்தொகுதி வேறு, மணல்மேட்டின்கீழ் மிதக்கும் படலம் வேறு. அந்தப் படலத்தில் ஒரே இடத்தில் மோட்டார் ஓடினால், உப்பு அந்த இடத்தில் கூம்பாக மேலெழும். பாதிப்பு முதலில் போய்ச்சேருவது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பொதுக்குளம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா? இல்லை. சாதியின் பெயரால் படித்துறையிலும் கிணற்றடியிலும் மனிதர்கள் விலக்கப்பட்டார்கள். பெண்கள் பலர் கண்படாமல் நீந்த இடமில்லாமல் வளர்ந்தார்கள். சொந்தக் குளத்தின் சுவருக்குள் கிடைக்கும் சுதந்திரத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் விலக்கப்பட்டவர்கள் தேடிய தீர்வைப் பார்க்க வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையும் பொதுக்கிணறும் பொதுக்குளமும் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்றது. 1927-இல் மகாட் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளியதும் அதே உரிமைக்காக. பொதுநீரின் குறையைப் பொதுநீரைத் திறந்தே சரிசெய்ய வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். பெண்களுக்குத் தனி நேரமும் குழந்தைகளுக்குப் பயிற்சியாளரும் உள்ள பொது நீச்சல்குளம் ஒன்று, நூறு வீட்டுக் குளங்கள் காக்காத உயிர்களைக் காக்கும்.

அப்படியானால் இந்தக் கரையில் வீட்டோடு நீச்சல்குளமே கூடாதா? ஒரே ஒரு வழியில் கூடும். மழை அதைச் சுமக்க வேண்டும். இந்தப் பகுதியின் ஆண்டு மழையை 1,300 மில்லிமீட்டர் என்று கொண்டால், 150 சதுர மீட்டர் கூரையிலிருந்து, சிந்திச் சிதறியது போக, ஒன்றரை லட்சம் லிட்டர் சேரும். குளத்தை ஒருமுறை நிரப்பவும் ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஆவியாவதை ஈடுகட்டவும் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் போதும். ஆனால் மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் மூன்று மாதங்களில் கொட்டிவிடுவதால், ஈடுகட்டும் 45,000 லிட்டரைத் தேக்கிவைக்க குளத்தின் முக்கால் அளவுக்கு ஒரு மூடிய தொட்டி வேண்டும். நிரப்பியாகிவிட்ட அடுத்தடுத்த ஆண்டுகளில் மீதி மழை மணலுக்குள் போக வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேமிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். இன்னொன்றும் உண்டு: நிலத்தடி நீர் மேலெழுந்து நிற்கும் மழைமாதத்தில் குளத்தைக் காலி செய்தால், அடிநீரின் அழுத்தம் வெற்றுத் தொட்டியைப் படகுபோலத் தூக்கி விரிசலாக்கிவிடும். மணலுக்கடியில் நீர் இருக்கிறது என்பதை மறந்து கட்டிய குளத்துக்கு அந்த நீரே நினைவூட்டுகிறது.

ஆகவே வீடு பார்க்கப் போகும் குடும்பம் வேலியையும் கதவையும் பார்த்த பிறகு, ஆழ்துளைக் குழாய் எங்கே போகிறது என்று பார்க்கட்டும். கூரையிலிருந்து இறங்கும் குழாயும் மழைத்தொட்டியும் குளத்துக்கு வந்தால் குடியேறலாம். மோட்டார்க் குழாய் குளத்துக்கு வந்தால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். குளத்தை மூடி மண் நிரப்ப உடன்பட்டால் மட்டும் மறுபடி பேசலாம். சுண்ணாம்புக்குளத்துக்கும் அதைச் சுற்றியுள்ள குப்பங்களுக்கும் அடுத்த கோடையில் குடம் நிரம்புமா என்பது, ஒவ்வொரு வீடும் இந்தக் கேள்வியைக் கேட்கிறதா என்பதைப் பொறுத்தது.